வாய் திறக்காத சனிக்கிழமை

ஒரே ஒரு நாளாவது தன் வீட்டில் தன் காது தனக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று சிவசோதி சபதம் எடுத்தார்.

சண்டைக்குக் காரணம் மெல்பேர்ன் நோபல் பார்க்கில் இருந்த அவர் வீட்டின் பின்னறை. ஜகார்த்தாவில் ஒரு சீமெந்துக் கம்பனியில் மூன்று வருடம் கணக்காளராக இருந்துவிட்டு வந்தவர், அந்த அறைக்குள் இந்தோனேசியாவையே குடிவைத்திருந்தார். சுவரில் தோற்பாவைகள், அலுமாரியில் பதினாறு பத்திக் சேட்டுகள், மேசையில் ஒரு மைக். தமிழ் வானொலியில் ஞாயிறுதோறும் வரும் அவருடைய 'ஜகார்த்தாச் சாளரம்' அங்கேதான் ஒலிப்பதிவாகும். இந்தோனேசியாவில் எரிமலை புகைந்தாலும், பெற்றோல் விலை ஏறினாலும், மந்திரி மாறினாலும் இவர் கருத்துச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டை விட்டு வந்து ஆறு வருடமாகிறது என்பதை மட்டும் நேயர்களிடம் சொல்லவில்லை. நேயர்களும் கேட்கவில்லை. பாதிப்பேர் சொந்தக்காரர்.

"தம்பிக்கு அந்த அறையைக் குடுங்கோவன்," என்று மனைவி வதனி மூன்று கிழமையாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சிட்னியிலிருந்து அவள் தம்பி விஜிதரன் மெல்பேர்னுக்கு வேலை மாறி வருகிறான்.

"பாவையளை எங்க வைக்கிறது?"

"கராஜில."

"மைக்?"

"அதுவும் கராஜில. உங்கட கதையைக் காருக்குச் சொல்லுங்கோ. அது பாவம், வாய் திறக்காது."

காலைத் தேத்தண்ணியோடு இது தொடங்கும். இரவுப் புட்டோடும் முடியாது.

கடைசியில் பாலித்தீவுதான் கைகொடுத்தது. தான் வாய் திறக்காவிட்டால் சண்டையும் இராது என்று கணக்குப் போட்டார்.

"வதனி, பாலியில வருசப்பிறப்புக்கு நியெப்பி எண்டு ஒரு நாள். விளக்கில்லை, வேலையில்லை, ஒருத்தரும் வெளிக்கிடாயினம். விமானநிலையமே பூட்டு. ஒரு சொல்லும் கதைக்கப்படாது. வாற சனிக்கிழமை நான் அதைப் பிடிக்கப்போறன்."

"நல்ல விசயம்தானேப்பா," என்றாள் வதனி.

பதினெட்டு வருடத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில்லை. சிவசோதி அதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் வானொலியிலும் அறிவித்துவிட்டார்: "சனி காலை ஆறு முதல் ஞாயிறு காலை ஆறு வரை ஒரு சொல்லும் பேசேன், நேயர்களே!"

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கதிரையில் கண்மூடி அமர்ந்தார். வீட்டில் சத்தமே இல்லை. சொர்க்கம்.

எட்டு மணிக்கு அழைப்புமணி அடித்தது. மூன்று பெட்டிகளோடும் ஒரு ரைஸ் குக்கரோடும் விஜிதரன் நுழைந்தான். அவன் பின்னால், இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியோடு பக்கத்து வீட்டு வயான். அசல் பாலிக்காரர்.

"அவையின்ர ஊரில விரதத்தை ஆரும் முறிக்காமல் காவல் நிப்பினமாம். நான்தான் வரச் சொன்னனான்," என்றாள் வதனி.

வயான் பயபக்தியோடு கைகூப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அத்தான், உங்கட அறையை எனக்குத் தாறதெண்டு அக்கா சொல்லுறா. விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ, நான் திரும்பிப் போறன்."

சிவசோதி வாயைத் திறந்தார். வயான் விரலை உயர்த்தினார். வானொலியில் விட்ட சவடால் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாகப் பலங்கொண்ட மட்டும் ஆட்டினார்.

"பாத்தியே, அத்தான் தலையாட்டுறார். தங்கமான மனுசன்," என்றாள் வதனி தம்பியிடம்.

பாய்ந்து பேனையை எடுத்தார். வதனி அதை மெல்லப் பிடுங்கினாள்.

"எழுதுறதும் வேலைதானேப்பா. இண்டைக்கு வேலை கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மத்தியானத்துக்குள் இந்தோனேசியா கராஜுக்குக் குடிபெயர்ந்தது. பாவைகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின. பத்திக் சேட்டுகளும் போயின. அவற்றில் ஒன்று விஜிதரனின் உடம்பில் ஏறிப் போயிற்று.

ஞாயிறு காலை ஆறு அடித்ததுதான் தாமதம். இருபத்துநாலு மணிநேரம் சேர்த்துவைத்த ஏச்சுகளோடு சிவசோதி குசினிக்குள் பாய்ந்தார்.

"வதனீ!"

வதனி திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள். நேற்றே எழுதி வைத்திருந்த துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இண்டைக்கு என்ர முறை. நாளைக்குக் காலமை ஆறு மணிமட்டும் கதைக்கமாட்டன், வேலையும் செய்யமாட்டன். தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ. சீனி ரெண்டு கரண்டி."