சுவர் இல்லாத கேட்

சாவி எங்கே இருக்கிறது என்பதில் வேதகிரிக்குச் சந்தேகமே இல்லை. உத்திரமேரூர் ஏரியில் இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் என்பதுதான் தெரியவில்லை.

விடிந்ததும் குளிக்கப் போனபோது அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தது. கரையேறும்போது கயிறு மட்டும் இருந்தது. இப்போது மணி எட்டரை. பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து டெபுடி டைரக்டர் ஜீப்பில் வருகிறார். ஜனதா காலேஜின் கேட்டிலோ தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு தொங்குகிறது.

பிரின்சிபால் முத்துகிருஷ்ணன் சேதியைக் கேட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொரு சாவி இருந்துதே?"

"அதையும் அதே கயித்துலதான் சார் கட்டி வெச்சிருந்தேன். ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு கையில இருக்கட்டும்னு."

பிரின்சிபால் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

ஜனதா காலேஜ் என்பது மீசை வைத்த விவசாயிகள் ஆறு மாதம் தங்கி, தேனீ வளர்க்கவும் சோப்புக் காய்ச்சவும் மேடையேறி நாலு வார்த்தை பேசவும் கற்றுக்கொள்கிற இடம். ஓட்டுக் கட்டடம் ஒன்று, கீற்றுக் கொட்டகை மூன்று, மாகறல் போகிற பாதையோரம் வெட்டவெளியில் நின்றன. சுற்றிலும் சுவர் கிடையாது. வேலி கிடையாது. கேட் மட்டும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்த இரும்புக் கேட் லாரியில் வந்து இறங்கியது. வேண்டுமென்று யாரும் எழுதிப் போடவில்லை. சர்க்காரிடமிருந்து வந்ததைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாததால், முத்துகிருஷ்ணன் இரண்டு தூண் எழுப்பி அதை நிறுத்தினார். "சுவர் பின்னால வரும்" என்றார். சுவர் வரவில்லை. ஆனால் கேட்டோடு ஒரு தடித்த ரிஜிஸ்டர் வந்தது. உள்ளூர் ஆள் ஒருவரைக் காவலுக்குத் தற்காலிகமாக நியமித்து, இரண்டு வருஷம் கழித்து நிரந்தரம் செய்யலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. மாதம் தவறாமல் மாட்டு வண்டியில் நாலு கட்டு வைக்கோலும் வந்துகொண்டிருந்தது.

"வைக்கோல் எதுக்கு சார்?" என்று முதல் மாதம் வேதகிரி கேட்டான்.

"ராத்திரி படுக்கத்தான். காவலாளியோட முதுகைக்கூட கவர்மெண்ட் யோசிச்சுப் பார்க்குது பார்" என்றார் பிரின்சிபால். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

அப்படி வேலைக்கு வந்தவன்தான் வேதகிரி. காலேஜில் அவனை வாட்ச்மேன் என்றார்கள். மாமனார் ஊரான மாகறலில் மட்டும் அவன் 'பாதுகாப்பு அதிகாரி'. தகரத்தில் அப்படியே எழுதிக் கேட் தூணில் மாட்டியும் இருந்தான். காரணம் இருந்தது. மாமனாரிடம் எட்டு எருமை. கல்யாணமான புதிதில், "என் மாட்டைப் பார்த்துக்கினு இங்கேயே கெடங்க மாப்ளே" என்று அவர் சொல்லிவிட்டார். வேதகிரி மீசையைத் தொட்டு, பத்துப் பேர் முன்னால் சபதம் செய்தான்: "சாவுற வரைக்கும் மாடு பாக்குற வேலைக்கு மட்டும் போவ மாட்டேன்."

இன்று டெபுடி டைரக்டர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் என்ன என்பதை மனைவி கனகா காலையில் கஞ்சி ஊற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"பர்மனன்ட் ஆவலன்னா மூட்டை கட்டு. நைனா வூட்டுக்குப் போயிடலாம். எருமைங்க எட்டு இப்போ பதினொண்ணாச்சாம்."

ஆகவே பூட்டு திறந்தாக வேண்டும்.

"ஒடைச்சிடட்டா சார்?"

"கவர்மெண்ட் பூட்டுய்யா! ஒடைக்கணும்னா மூணு காப்பி எழுதி அனுப்பி, பதில் வரணும்."

"எப்ப வரும்?"

"சுவருக்கு எழுதினதுக்கே இன்னும் வரல."

கொல்லர் பஞ்சாட்சரத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் பூட்டுக்குள் கம்பியை விட்டு, காதை வைத்துக் கேட்டு, வைத்தியர் மாதிரி தலையை ஆட்டினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். 'டக்'கென்று சத்தம் கேட்டது.

"தொறந்துகிச்சா?"

"கம்பி உள்ள ஒடஞ்சிக்கிச்சி" என்றார் பஞ்சாட்சரம். "இனிமே சாவியே கெடைச்சாலும் நுழையாது. நீ வீணா ஏரில எறங்கித் தேட வேணாம்பா, அந்தக் கஷ்டம் தீந்துது."

அந்தச் சமயத்தில் ஒட்டடைக்குச்சி மாதிரி ஓர் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். பஞ்சாயத்து ஆபீஸ் பெருமாள். கையில் ஒரு காகிதமும் ஒரு சணல் கயிறும். யாரையும் கேட்காமல் கேட்டின் அகலத்தைக் கயிற்றால் அளக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒரு விசயம்..." என்றார்.

"சுவருக்கு அளவா? நல்லா அள" என்றான் வேதகிரி. "பேச்சு மட்டும் அப்பறம். ஆபீசரு வர்ற நேரம்."

பெருமாள் தலையாட்டிவிட்டு உயரத்தை அளந்தார்.

"பூட்டு தொறக்கலன்னா இன்னா? கேட்டையே கொக்கியிலேருந்து தூக்கிடலாமே" என்று யோசனை சொன்னார் பஞ்சாட்சரம். தேனீ வகுப்பிலிருந்து பன்னிரண்டு விவசாயிகள் வந்து தோள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மேல் கொக்கி கழன்றது. கீழ்க்கொக்கி மாட்டேன் என்றது. கேட் சாய்ந்து, குடித்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி நின்றது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

விட்டால் விழுந்துவிடும். ஆளுக்கு ஒரு பக்கம் இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று.

"பாக்கறவங்க கேட்டா?" என்றார் பிரின்சிபால்.

"ஆபீசருக்கு மரியாதை அணிவகுப்புன்னு சொல்லிடலாம் சார்" என்றான் வேதகிரி.

தூரத்தில் புழுதி தெரிந்தது. ஜீப்.

பிரின்சிபால் கேட்டின் பக்கவாட்டில் ஓடி உள்ளே போனார். ஆபீசருக்கான பூமாலை உள்ளே இருந்தது. வேதகிரி உள்பக்கத்தில் விறைத்து நின்றான். ஜீப் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். கேட் திறக்கவில்லை. மறுபடி அடித்தான். கேட்டைப் பிடித்திருந்த இருவரும் கை எடுக்க முடியாததால் தலையால் வணக்கம் சொன்னார்கள்.

டெபுடி டைரக்டர் இறங்கினார். சூட்டும் தொப்பியுமாக, மனிதர் அரசு முத்திரை குத்திய கவர் மாதிரி இருந்தார்.

"ஏன் கேட் திறக்கல?"

பதினொரு எருமைகளும் வேதகிரியின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"பாஸ் இருக்குதுங்களா?"

"என்ன?"

"பாஸ் இல்லாம கேட்டு தொறக்கறதில்லீங்க."

"நான் டெபுடி டைரக்டர்!"

"எனக்குத் தெரியுதுங்க ஐயா. கேட்டுக்குத் தெரியணுமே."

மாலையோடு வந்த பிரின்சிபால், இதைக் கேட்டு மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அதே நேரம் மோர் விற்கிற சிட்டம்மாள் தலையில் பானையோடு கேட்டின் இடது பக்கமாக நடந்து உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் யாருடையதோ இரண்டு எருமைகள் போய், பிரின்சிபால் வளர்த்த வாழைக்கன்றை மோந்து பார்த்தன. ஊரில் மாடுகளைக் கேட்பாரில்லை. டெபுடி டைரக்டர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"அந்தம்மா உள்ள போறாங்களே? அந்த மாடு போகுதே? அதுங்களுக்குப் பாஸ் உண்டா?"

"அவங்க கேட்டு வழியா போவலீங்களே ஐயா. கேட்டு வழியா வர்றவங்கதான் என் பொறுப்பு. மத்ததுக்கு ஆர்டர் இல்லீங்க."

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டைப் பிடித்திருந்தவர்களில் ஒருவருக்கு மூக்கு அரித்தது. சொறிய வழியில்லை.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல," என்றார் டெபுடி டைரக்டர் மெதுவாக, "தன் அதிகார எல்லை எது வரைக்கும்னு தெரிஞ்ச ஒரு ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

சுற்றிக்கொண்டு போனால் நாலு எட்டில் உள்ளே போயிருக்கலாம். அவர் போகவில்லை. பெரிய அதிகாரிகள் அப்படியெல்லாம் போவதில்லை. முறைப்படி பாஸ் கேட்டார். பிரின்சிபால் ஓடிப்போய் எழுதி, கம்பி இடுக்கு வழியாக நீட்டினார். பிறகு ரிஜிஸ்டரும் அதே இடுக்கு வழியாக வெளியே வந்தது. புதிதாகச் சேருகிற விவசாயிகளை முதல் நாள் மட்டும் கேட் வழியாக வரவழைத்து அதில் பதிந்திருந்தான் வேதகிரி.

டெபுடி டைரக்டர் ஜீப்பின் மூக்கில் ரிஜிஸ்டரை விரித்தார். நிறம், அங்க அடையாளம், உரிமையாளர் பெயர், பிடிபட்ட இடம், விடுவித்த தேதி என்று கட்டங்கள் இருந்தன.

"உரிமையாளர்னா?"

"கல்யாணம் ஆனவங்க சம்சாரம் பேரு எழுதியிருக்காங்க. ஆவாதவங்க அம்மா பேரு" என்றான் வேதகிரி.

டெபுடி டைரக்டர் யோசித்துத் தன் விவரத்தைத் தானே எழுதினார். நிறம்: மாநிறம். அங்க அடையாளம்: இடது காதருகே மச்சம். உரிமையாளர்: சென்னை ராஜ்ய அரசாங்கம். பிடிபட்ட இடம் என்ற கட்டத்தில் சற்றுத் தயங்கி, 'கேட் முன்பு' என்று எழுதினார்.

"ரொம்ப விவரமான படிவம்" என்றார். "எல்லா காலேஜுக்கும் இதைக் கொண்டுவரணும்."

"புது முறை சார்" என்றார் பிரின்சிபால், கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு.

மோர் மட்டும் வெளியே வந்தது. சிட்டம்மாள்தான் கொண்டுவந்தாள், பக்கவாட்டில். டெபுடி டைரக்டர் நின்றபடியே குடித்துவிட்டு, மணியைப் பார்த்தார்.

"உள்ள பார்க்க என்ன இருக்கு? கேட் இவ்வளவு ஒழுங்கா இருந்தா உள்ளேயும் ஒழுங்காத்தான் இருக்கும். எங்கே உன் ஆர்டர்?"

வேதகிரி சட்டைக்குள்ளிருந்து வியர்வையில் நனைந்த உத்தரவை எடுத்துக் கொடுத்தான். 'இவரது பணி இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறது. இனி எக்காரணம் கொண்டும் வேறு பணிக்கு மாற்றலாகாது' என்று அதன் முதுகில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார் டெபுடி டைரக்டர். முத்திரை ஜீப்பிலேயே இருந்தது.

கேட்டைப் பிடித்திருந்த இருவரும் கை தட்டப் பார்த்தார்கள். கேட் ஓர் அடி சாய்ந்தது. மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.

வேதகிரிக்கு நெஞ்சு விம்மியது. மாமனார் முகம் நினைவில் வந்தது. மீசையைத் தொட்டுக்கொண்டான். "அந்தத் தகரத்தை இன்னும் பெரிசா எழுதிப் போடணும்" என்று பஞ்சாட்சரத்திடம் சொன்னான். "மாகறல்லேருந்து பாத்தாலே தெரியணும்."

ஜீப் கிளம்பிப் புழுதிக்குள் மறைந்தது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அப்போதுதான் பெருமாளின் ஞாபகம் வந்தது. சைக்கிளில் சாய்ந்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"இப்ப சொல்லுப்பா" என்றான் வேதகிரி பெருந்தன்மையோடு. "சுவரு எப்ப வருது?"

"சுவரு வராதுங்க. நான் வந்தது கேட்டுக்கு." பெருமாள் காகிதத்தை நீட்டினார். "லாரிக்காரன் எடம் மாத்தி எறக்கிட்டான். எங்க எடத்துல நாலு பக்கமும் சுவரு கட்டி ரெண்டு வருசமாச்சி. உள்ள போவ வழிதான் இல்ல. நம்பரு, அளவு எல்லாம் சரியா கீது. எடுத்துக்கினு போவலாம்னு வந்தேன்."

பிரின்சிபால் காகிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். மாலையைக் கழற்றித் தூணில் மாட்டினார்.

"தாராளமா எடுத்துக்கினு போ" என்றான் வேதகிரி. சாய்ந்த கேட், உடைந்த கம்பி, தொலைந்த சாவி எல்லாம் ஒரே வண்டியில் ஒழிகிறதே என்று அவனுக்குச் சந்தோஷம். "யாரு வேணாம்னா? உங்க எடம்னா எதுப்பா?"

பெருமாள் ரிஜிஸ்டரைத் தூசி தட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வைக்கோல் கட்டுகளை எண்ணினார். வேதகிரி கையிலிருந்த உத்தரவை மெல்ல வாங்கி, முதுகில் ஈரம் காயாத முத்திரையை ஊதிக் காயவைத்து, மடித்து, அவன் சட்டைப்பையிலேயே பத்திரமாகச் செருகினார். சைக்கிளின் பின் சீட்டைத் துண்டால் துடைத்தார்.

"மாடு அடைக்கிற பவுண்டுங்க" என்றார். "குந்துண்ணே, போவலாம். கேட்டு, ரிஜிஸ்டரு, வைக்கோலு, நீ, அல்லாம் ஒரே ஆர்டர்ல எங்களுக்கு வந்ததுதான்."