இன்குபேட்டரைத் திறந்தது யார்?

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. நாலு பேர் தாழ்ந்த குரலில் பேசினால், என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். (மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று பேசியிருப்பார்கள். அப்படியானால் என்னை ஏன் கூப்பிடவில்லை என்று அடுத்த சந்தேகம் வரும்.)

முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வுக்கூடத்தில் விழிவெண்படலச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்குமே, அந்தப் படலம். அது உருவாகும்போது, செல்களின் சவ்வில் அயனிக் கால்வாய்கள் என்ற குட்டி வாசல்கள் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் உள்ளே வெளியே விடும். ஒரு வாசலை அடைத்தால் படலம் ஒழுங்காக வளருமா? இதுதான் என் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை முடிவைக் காட்டாவிட்டால் உதவித்தொகை நீட்டிப்பு கிடையாது.

திங்கள் காலை, செல்களை இதமான சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் என் செல் தட்டுகள் பின்னால் தள்ளப்பட்டிருந்தன. முன்வரிசையில் ஃபரீதா அக்காவின் குடுவைகள். அதே ஆய்வுக்கூடத்தில் என்னைவிட எட்டு வருடம் மூத்தவர், சிராங்கூன் வட்டாரத்துக்காரர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் பேய் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு "குட் மார்னிங் தம்பி" என்றது.

அன்றே காவலைத் தொடங்கினேன். தட்டுகளைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டேன். அக்கா அந்தப் பக்கம் போனால், திரும்பியதும் ஓடிப்போய்த் திறந்து பார்ப்பேன். போகாவிட்டாலும் பார்ப்பேன். செவ்வாயன்று காபி வாங்கிவந்து, "என்னடா, முகமே சரியில்ல? சாப்ட்டியா இல்லியா?" என்றார். எனக்கு உறுதியாகிவிட்டது. குற்றவாளியைத் தவிர வேறு யார் கேட்காமல் காபி தருவார்கள்?

புதனன்று என் தட்டுகளில் இருந்த இளஞ்சிவப்பு ஊட்டநீர் ஊதாவாக மாறியது. வியாழனன்று செல்கள் செத்துப்போயின. மூடி இறுக்கிய அவருடைய குடுவைகள் மட்டும் ஜம்மென்று இருந்தன.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "யாரோ என் தட்டுகள்ல கை வச்சிருக்காங்க. கார்டு ரெக்கார்டைப் பார்க்கணும்!"

எங்கள் இன்குபேட்டர் ஊழியர் அட்டையைத் தட்டினால்தான் திறக்கும். ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர் அந்த வாரப் பதிவைப் பெரிய திரையில் போட்டார். ஃபரீதா அக்கா ஆறு தடவை. நான் இருநூற்றுப் பன்னிரண்டு.

"ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே உள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், செல்கள் தாங்காது. தெரியுமா?" என்று பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். தெரியும். புதிய மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துபவனே நான்தான்.

"வேவு பாத்தே கொன்னுட்டியே லா!" என்றார் அக்கா. "ஷெல்ஃப் தொடைக்கத்தான் தள்ளி வச்சேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதைவிட மோசம், பேராசிரியரிடம் மன்றாடி எனக்கு மூன்று மாத நீட்டிப்பு வாங்கித் தந்ததும் அக்காதான்.

பிற்பாடு ஒரு ஹரி ராயாப் பெருநாள் விருந்தில் அக்கா என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். போன தீபாவளிக்குப் பூன் லே வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் முறுக்கு டின் பாதி காலியாகியிருந்தது. "இந்த வீட்டுல யாரோ..." என்று ஆரம்பித்தேன். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து வயது மகள் கையை நீட்டினாள்.

"அப்பா, மொதல்ல உங்க கார்டைக் காட்டுங்க."

வாய் நிறைய முறுக்கு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.