யன்னலைச் சாத்திக் காற்றைப் பார்ப்பவர்

கணினிக்குள் அடிக்கும் காற்றை மட்டும் நம்புகிற ஓர் இனம் உண்டு. உப்புவெளி அஞ்சலோவைப் பாருங்கள். வீடு கடற்கரையில். ஆனால், தூசி கணினிக்கு ஆகாதென்று யன்னலை இறுகச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டு, நடுக்கடலில் மிதக்கப்போகும் காற்றாலைகளைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று யாரோ வெளிநாட்டாருக்குக் கணித்துக் கொடுப்பார். திரையில் வேகக் காற்று சிவப்பு. சோர்ந்த காற்று நீலம். நிறமில்லாதது அவருக்குக் காற்றே அல்ல.

ஒரு கணிப்பு முடிய மூன்று நாள் பிடிக்கும். அதுவரை வீட்டில் மின்சாரக் கேத்தலுக்கும் அயன் பெட்டிக்கும் ஓய்வு.

"எல்சி, கேத்தலப் போடாதீங்கோ, கரண்ட் ட்ரிப் ஆயிரும்!"

மனைவி எல்சி குசினியில் விறகு ஊதித் தேநீர் வைப்பார். அந்தப் புகை எந்தப் பக்கம் போகிறதென்று இவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரே மகள் லதுஷாவுக்குக் கல்யாணம் வந்தது. விருந்து மாதா கோயில் மண்டபத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த பந்தலில். மகளின் கண்ணில் ஒரு பொட்டுப் புகையும் படக்கூடாது என்பது அப்பாவின் வைராக்கியம். கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற மாதம். ஆகவே பந்தலுக்குக் கடல் பக்கமாக அடுப்பை வைத்தால் புகை கடலுக்கே போய்விடும் என்று மூன்று நாள் கணித்துச் சொன்னார்.

சமையல்காரர் பாஹிம் தலையைச் சொறிந்தார். "சேர், மண்டபச் சுவரத் தாண்டி வாற காத்து சுழண்டு திரும்பும். அடுப்ப இன்னும் தள்ளி வைப்பமே?"

"ஏலாது பாஹிம் நானா. கம்பியூட்டர் மொடல் சொல்லிற்று."

மொடலில் எல்லாம் இருந்தது. பந்தல், அடுப்பு, புரியாணிச் சட்டிகூட. மண்டபம் மட்டும் இல்லை. பழக்கதோஷம், நடுக்கடலில் ஏது சுவர்?

முதல் சட்டி ஏறியதும் புகை கடல் பக்கம் இரண்டடி போய், யோசித்து, திரும்பி, நேராக மணப்பெண்ணிடம் வந்தது. லதுஷா கண்ணீர் வடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் உருகிப்போனார்கள். "அப்பாவில எவ்வளவு பாசம் இந்தப் பிள்ளைக்கு!" அதைக் கேட்ட அஞ்சலோவுக்கும் கண் கலங்கியது. அவர் நின்ற இடத்தில் புகையே இல்லை.

மனிதர் திருந்தினார் என்கிறீர்களா? வீட்டுக்கு வந்து, மண்டபத்தையும் சேர்த்து, மறுபடி மூன்று நாள் ஓடவிட்டார். நான்காம் நாள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"எல்சி, இஞ்ச வந்து பாருங்கோ! புகை அச்சொட்டா பிள்ளையிட முகத்துக்குத்தான் வருது!"

"ஓம். அத நான் அண்டைக்கே பாத்தனான்," என்று எல்சி கேத்தலைப் போட்டார்.

நல்லவேளை, நீங்கள் இந்த இனமில்லை. சும்மா ஒரு கேள்வி: இன்று காலை மழை வருமா என்று கைபேசியில் பார்த்தீர்களே, அப்போது யன்னல் உங்களுக்கு எத்தனை அடி தூரத்தில் இருந்தது?