மன்னர் முகம் கலந்த சாலை

மேழிநாட்டில் மன்னரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த நாள் முதல் அவர் முகம் எல்லாத் திசையிலும் பேனராகத் தொங்கியது. மன்னருக்குப் பல் விழுந்தால் ஒரு பேனர், பல் கட்டினால் இன்னொன்று. கிழிந்த பேனர்கள் வாய்க்கால்களை அடைத்தன. அவற்றைத் தின்ற மாடுகள் வயிறு உப்பிச் செத்தன.

சாலைத்துறைத் தலைவர் திருமேனி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய பேனர்களைப் பொடியாக நறுக்கி, சூடான ஜல்லியில் உருக்கி, தாரோடு கலந்தார். தங்கை வள்ளிக்கண்ணு வாழ்க்கைப்பட்ட கள்ளிமேட்டிலிருந்து தலைநகர் மருத்துவமனை வரை முதல் சாலையைப் போட்டார். அடுத்த மழையில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. திருமேனிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் செய்தித்துறை அமைச்சர் அவையில் எழுந்தார்.

"மன்னா, அச்சாலையில் கலந்திருப்பது தங்கள் திருமுகம். அதன்மேல் செருப்புக் கால்கள் நடக்கின்றன."

மன்னர் முகம் வாடியது. சாலையில் செருப்புக்குத் தடை வந்தது. மக்கள் வெயிலில் உள்ளங்கால் கொப்பளிக்க நடந்தார்கள். வெறுங்காலும் கால்தான் என்பது பிறகு அமைச்சருக்கு உறைத்தது. கால்களுக்கும் தடை, சாணி போடும் என்பதால் மாட்டு வண்டிக்கும் தடை. சாலையின் இருபுறமும் கயிறு கட்டினார்கள். மக்கள் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள்.

திருமேனி பொறுக்கமாட்டாமல் அவைக்குப் போனார். "உருக்கிய பிறகு அதில் முகம் ஏது மன்னா?" என்றார்.

"அப்படியானால் மன்னரின் முகத்தை அழித்தவர் தாங்கள்தானா?" என்று அமைச்சர் மென்மையாகக் கேட்டார்.

 திருமேனி வாசலில் நின்ற காவலர்களைப் பார்த்தார்.

"முகம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த மழைக்காலத்தில் வள்ளிக்கண்ணுவின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நடந்தார்கள். பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

துக்கத்துக்கு வந்த அண்ணனைத் தங்கை திட்டவில்லை. "ரோடு நல்லாத்தான் இருக்கு அண்ணே. பளபளன்னு. பள்ளத்துலேருந்து பாத்துக்கிட்டேதான் வந்தோம்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது திருமேனிக்கு.

தேர்தல் வந்தது. 'சாலை மக்களுக்கே' என்று முழங்கியவர் புதிய மன்னரானார். சொன்ன சொல் தவறாமல் கள்ளிமேட்டுக்கே வந்து, மேளம் முழங்கக் கயிற்றை அறுத்தார்.

பள்ளத்தில் நின்ற கூட்டம் அசையவில்லை.

திருமேனி தனியாகச் சாலையில் ஏறி நின்று கையை நீட்டினார். "ஏறி வாம்மா. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வள்ளிக்கண்ணு அந்தக் கையைப் பார்த்தாள். "இன்னைக்குச் சொல்ல மாட்டாங்க அண்ணே. எங்களுக்கு இதுவே பழகிப்போச்சு" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்திலேயே நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு எளிமையான மக்கள்! பள்ளத்தைத்தான் விரும்புகிறார்கள். மக்கள் விருப்பமே நம் விருப்பம்" என்றார்.

மறுவாரமே சாலைத்துறை கலைக்கப்பட்டு, பள்ளத்துறை உருவாக்கப்பட்டது. அனுபவம் கருதித் திருமேனியையே அதற்கும் தலைவராக்கினார்கள். இருக்கும் பள்ளங்களை இன்னும் ஒரு முழம் ஆழப்படுத்துவது அவருக்கு இடப்பட்ட முதல் வேலை.