கடாவைத் தடவிய விருந்தாளி

இறைவனுக்காகக் கொடுக்கும் குர்பானிக்கு விலை கிடையாது. ஷேக் தாவூதின் குர்பானிக்கு மட்டும் பதினேழாயிரத்து ஐநூறு. சேத்தியாத்தோப்புச் சந்தையில் இருபத்து மூன்றாயிரம் சொன்ன கடாவை, வேண்டாமென்று இரண்டு தடவை நடந்துபோய்த் திரும்பி வந்து படிய வைத்த விலை அது.

"இருபத்தஞ்சு கிலோ கறி நிக்கும் பாய்," என்று விற்றவன் கடாவின் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

அந்தக் கடாவைத்தான் இப்போது வெள்ளைக்காரர் தடவிக்கொண்டிருந்தார்.

பெயர் யானுஷ், போலந்துக்காரர். பாண்டிச்சேரி லாட்ஜ் ஒன்றில் வேலை பார்க்கும் மகன் தௌசீப், "பக்ரீத் லீவுக்கு எங்க வூட்ல தங்குங்க," என்று அங்கே தங்கியிருந்த அவரைச் சொந்த ஊரான வடக்குத்துக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டான். அவனுக்கு ஞாயிறு வரை டூட்டி. தாவூதின் இங்கிலீஷ், நெய்வேலி பஜாரில் ஜவுளிக்கடை நடத்தப் போதுமானது: ஃபிக்ஸட் ரேட், நோ ரிட்டர்ன்.

வந்த அன்று மாலை தாவூதின் மனைவி முனவரா கறிக்குழம்பை நீட்டினாள். "மட்டன்?"

அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டி, இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். தயிர்சோறு மட்டும் தின்றார். நேரே கொல்லைக்குப் போய்க் கடாவின் முதுகெலும்பில் விரலை ஓட்டினார். தொடையை அமுக்கினார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். கடைசியில் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்.

"அவரு சைவமுங்க," என்றாள் முனவரா. "பெத்த புள்ளயாட்டம் தடவிக்கினு இருக்காரு. நாளைக்கு அவரு கண்ணு முன்னால அறுத்தா, நம்மளப் பத்தி ஊர்ல போயி என்னா சொல்லுவாரு?"

"அதுக்குன்னு குர்பானி குடுக்காம இருக்கறதா?"

"திங்கக்கெழம பொழுது சாயற மஃரிபு வரைக்கும் குடுக்கலாமுல்ல. அன்னிக்குக் காலையிலயே அவரு பஸ் ஏறிடுவாரு."

கடா வீட்டிலேயே இருந்தால் பாசம் முற்றிவிடும். மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும் தாவூத் அதை ஆட்டோவில் ஏற்றி, நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் சிங்காரவேலு குவார்ட்டர்ஸில் கட்டினார். சிங்காரவேலு நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் தொழிலாளி. ஜவுளிக்கடையின் நல்ல வாடிக்கையாளர்.

வீட்டில் பக்ரீத்துக்குப் பூசணிக்கூட்டு. குறிஞ்சிப்பாடியிலிருந்து மச்சான் ஜுல்பிகர் போன் செய்தார்.

"பங்கு எப்ப வரும் மச்சான்? இங்க மசாலா அரைச்சுக் காஞ்சுக்கினு கெடக்கு."

"வரும், வரும்."

பக்கத்து வீட்டு பிரியாணி வாசனை சுவரேறி வந்தது. யானுஷ் கண்ணை மூடி நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"பாத்தீங்களா, செத்த உசுருக்காக வருத்தப்படுறாரு," என்று முனவரா அவர் இலையில் இன்னும் இரண்டு கரண்டி பூசணி வைத்தாள்.

ஞாயிறு முழுக்க அவர் காலிக் கொல்லையையே எட்டிப் பார்த்தார். மனம் மாறட்டுமென்று தாவூத் சாயங்காலம் டவுன்ஷிப்புக்கு நடத்திக் கூட்டிப் போனார். சிங்காரவேலுவின் தெருவை விட்டு அடுத்த தெருவில்தான் போனார். கடா கத்தியது. யானுஷ் முகம் மலர்ந்து, சத்தம் வந்த பக்கம் ஓடி சிங்காரவேலு வீட்டு கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே சிங்காரவேலுவின் மனைவி இசக்கியம்மாள் துடைப்பத்தோடு நின்றாள். "அண்ணாச்சி, எஞ் செம்பருத்தி பூராவும் போச்சு. மொதல்ல இதக் கூட்டிட்டுப் போங்க."

தாவூத் கண்ணால் கெஞ்சியபடி, "மேடம் பெட்," என்று கடாவைக் காட்டினார்.

இசக்கியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஆமா, செல்லமா வளக்கேன். பேரு லட்சுமி."

யானுஷ் குனிந்து கடாவின் அடியில் பார்த்தார். பிறகு இசக்கியம்மாளைப் பார்த்தார். மறுபடி முதுகு, தொடை, பல். அப்புறம் போனை எடுத்து 10000 என்று அடித்து அவளிடம் நீட்டினார்.

"காப்பாத்தி எங்கயோ வளக்கப் போறாரு," என்று முணுமுணுத்த தாவூதுக்கு அடுத்த நொடியே அந்தத் தொகை உறைத்தது. கடா இப்போது யாருடையது என்பதே மறந்துபோயிற்று. போனைப் பிடுங்கி 17500 என்று அடித்து, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

யானுஷ் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாவூதின் தோளை மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். கண்ணில் அப்படி ஓர் இரக்கம்.

"உசுருக்கு வெல பேசிட்டேம்மா. மனசொடஞ்சு போயிட்டாரு," என்றார் தாவூத் இசக்கியம்மாளிடம்.

திங்கட்கிழமை விடிந்ததும் தௌசீப் வந்திறங்கினான். யானுஷ் அவனை வாசலிலேயே மடக்கி, கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் பேசினார். தௌசீப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கத் திண்டாடினான்.

"ரொம்பக் கோவமாடா?" என்றார் தாவூத். "சொல்லு, கடாவ வுட்டுடுறேன். வேற ஒண்ணு புடிச்சு மஃரிபுக்குள்ள குர்பானி குடுத்துக்கறேன்."

"வயித்து வலி ஒரு நாள்ல சரியாப் போச்சாம், பூசணிக்காதான் அவர எளைக்க வெச்சுதாம். அவரு மூணு தலமொறயா கறிக்கடை அத்தா. அந்தக் கடாவுல பதினொரு கிலோதான் நிக்குமாம். நீங்க காசு குடுத்த இருபத்தஞ்சுல பாக்கி பதினாலு கிலோ இன்னும் சேத்தியாத்தோப்புலதான் நிக்குது."