தராசு முள் நிற்பதற்குள்

இனிமேல் இந்த வீட்டில் எதையும் அளக்காமல் பேசக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நான் தீர்மானம் செய்தேன். உரக்கத்தான் செய்தேன். ஆனால் யார் காதிலும் விழவில்லை. எங்கள் ஏழு வாரப் பாப்பா அழுதுகொண்டிருந்தாள்.

லிங்கராஜபுரம் வாசியான சிரில் என்கிற நான் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளன். கையில் எது கிடைத்தாலும் அளப்பேன். அந்த வருடம், அதாவது தொண்ணூற்றேழில், எங்களுக்கு ஐ.எஸ்.ஓ. சர்டிஃபிகேட் வந்திருந்தது. 'சொன்னதை எழுது, எழுதினதைச் செய்' என்று கேன்டீன் சுவரில்கூட எழுதிப்போட்டிருந்தார்கள். சாம்பாரைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை என்பதால் அது மட்டும் பழையபடியே இருந்தது.

பாப்பாவின் நேரந்தவறாமையை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தொழிற்சாலைச் சங்காவது மழைநாளில் ஒரு நிமிடம் பிந்தும். பாப்பா ஆறு என்றால் ஆறு. பகலெல்லாம் பால் குடிப்பாள், தூங்குவாள், சமர்த்தாகக் கூரையைப் பார்ப்பாள். ஆறு அடித்ததும் ஆரம்பிப்பாள். என் மனைவி மௌரீன் அவளை மடியில் போட்டு இந்தப் பக்கம் கொடுப்பாள், அந்தப் பக்கம் கொடுப்பாள். குடித்து முடித்து இருபது நிமிடத்தில் மறுபடி வீல். எட்டு மணி வரைக்கும் இதே கதை. மாமியார் கோலார் தங்கவயலுக்குத் திரும்பிப் போனதிலிருந்து மௌரீன் ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

உங்களிடம் மறைப்பானேன்? ஆறரை முதல் எட்டு வரை எனக்கு வேறு ஜோலி இருந்தது. அடுத்த வீட்டு ரெமிஜியஸ் அண்ணனின் கார் ஷெட்டில் எங்கள் பங்குக் கோயில் சங்கத்தின் கேரம் போட்டி. இரட்டையர் பிரிவில் அவரும் நானும் ஜோடி. அந்த ஷெட் கட்டிய நாளிலிருந்து கார் பார்த்ததில்லை; கேரம் போர்டுக்கென்றே பிறந்த ஷெட். சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்'கென்று காய் விழும் சத்தம். இந்தப் பக்கம் பாப்பாவின் வீல். நடுவில் நான்.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா சந்திரம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சிரிலு, கூசு இப்பிடி அழுவுது? ஹாலு சாலல்லவா?"

குழந்தைக்குப் பால் போதவில்லையா என்று கன்னடத்தில் கேட்கிறார். எனக்குப் பொறி தட்டியது.

"அதேதாங்க நானும் நினைக்கிறேன். பால் பத்தலை. டின் பவுடர் ஒரு பாட்டில் குடுத்தா கம்முனு தூங்கிடும்."

"யாரு குடுக்கறது?"

"நான்தான். ஆறு மணிக்கு ஒரு பாட்டில். ஆறே காலுக்குத் தூக்கம்."

"ஆறரைக்கு நீங்க ஷெட்டுக்கு!" என்றார் சந்திரம்மா. அந்த அம்மாவுக்குக் கண் ரொம்பக் கூர்மை.

திரும்பிப் பார்த்தால் மௌரீன் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். முகம் சுருங்கிவிட்டிருந்தது. ஏழு வாரமாகச் சரியாகத் தூங்காதவளைப் பற்றி மூன்றாம் மனுஷியிடம் 'பத்தலை' என்று சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் பெரிய தீர்மானம் செய்தவன் பின்வாங்கலாமா?

"நீ தப்பா எடுத்துக்காத மௌரீன். நான் சும்மா சொல்லலை. அளந்து பாத்துடலாம்."

"எதை?"

"பாலை. குடிக்கறதுக்கு முன்னாடி குழந்தையை நிறுக்கணும், குடிச்சப்புறம் நிறுக்கணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் பால். சயின்ஸ்!"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் எனக்குச் செலவு வைத்த சிரிப்பு.

"சரிங்க. அளந்துடலாம்."

"நெஜமாவா?"

"பத்து நாள் அளங்க. பால் பத்தலைன்னு வந்தா நானே கடைக்குப் போயி டின் வாங்கிட்டு வர்றேன்."

"எழுதித் தருவியா?"

"தர்றேன். ஆனா நீங்கதான் அளக்கணும். நான் அளந்தா நம்ப மாட்டீங்க."

"கரெக்ட்."

"முள்ளு அசையாம நின்னாத்தான் ரீடிங்."

"அது என் தொழில்டி!"

"அப்ப பால் குடுத்து முடிச்சதும் உங்க கையில குடுத்துடுவேன். முள்ளு நிக்கற வரைக்கும் குழந்தை உங்க பொறுப்பு."

"சம்மதம்" என்று அவள் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அதுதான் கேவலம்.

வியாழக்கிழமை தொழிற்சாலை ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு நிறுக்கும் பழைய தராசு ஒன்றைக் கேட் பாஸ் எழுதி வாங்கி வந்தேன். பெரிய வட்ட முகம், சிவப்பு முள், மேலே அகலமான தட்டு. பத்து கிராம்வரை துல்லியம். மௌரீன் தட்டை வெந்நீரில் மூன்று தரம் கழுவி, மெத்தென்று டவல் விரித்தாள். நான் நூறு பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, நேரம், முன், பின், வித்தியாசம், ஆய்வாளர் கையொப்பம்.

முதல் நாள். ஆறு மணி. முன்: நாலு கிலோ அறுநூற்று இருபது. மௌரீன் பால் கொடுத்தாள். பின்: நாலு கிலோ அறுநூறு.

"மௌரீன்! இருபது கிராம் கொறைஞ்சிருக்கு!"

"பால் குடிச்சு இளைச்சிட்டாளா?"

"முள்ளு பொய் சொல்லாது. பத்தாததோட இல்ல, மைனஸ்ல போகுது!"

"முன்னாடி நிறுத்தப்ப நாப்பி என்ன நிலைமையில இருந்துச்சு?"

நான் யோசித்தேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"பின்னாடி நிறுத்தப்ப?"

காய்ந்தது கட்டியிருந்தேன். என் கையாலேயே கட்டினேன். பதினொரு வருட அனுபவமுள்ள தர ஆய்வாளனான நான் நோட்டில் முதல் வரியை அடித்துவிட்டு, 'நாப்பி மாற்றக் கூடாது' என்று விதி எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள்தான் உண்மையான சங்கடம் தொடங்கியது. பால் குடித்து முடித்த பாப்பாவை மௌரீன் என் கையில் கொடுத்தாள். தட்டில் வைத்தேன். பாப்பா உதைத்தாள். முள் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே பேயாட்டம் ஆடியது. தூக்கினேன். அழுதாள். வைத்தேன். உதைத்தாள்.

"மௌரீன், நீ கொஞ்சம் வாங்கேன்!" அவசரத்தில் மனைவிக்கே மரியாதை கொடுத்துவிட்டேன்.

"என்கிட்ட வந்தா பால் வாசனைக்கு முட்டுவா. வயிறு நெறஞ்சாலும் மறுபடி கேப்பா. உங்ககிட்ட அந்தப் பிரச்சினை இல்ல, மெஷின் ஆயில் வாசனைதான். சட்டையைக் கழட்டிட்டு நெஞ்சுல சாச்சுக்குங்க. முதுகைத் தட்டி ஏப்பம் வாங்குங்க. நான் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன். கிளினிக் சிஸ்டர் வாக்கிங் போகச் சொல்லியிருக்காங்க."

"ரெமிஜியஸ் அண்ணன்கிட்ட சொல்லிடு, பத்து நாளைக்கு நான் வர முடியாதுன்னு."

"சொல்லிடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

நெஞ்சில் சாய்த்தேன். தட்டினேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். தாலாட்டு ஒன்றும் தெரியாது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஆய்வு விதிமுறை ஒன்றுதான். அதைத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன். "தண்டின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டர். கூடினால் பாயிண்ட் பூஜ்யம் இரண்டு. குறைந்தால் பாயிண்ட் பூஜ்யம் இரண்டு..." பாப்பா என் வயதுக்கு ஒரு ஏப்பம் விட்டாள். மூன்றாவது பத்தியில் அழுகை விசும்பலானது. ஐந்தாவது பத்தியில் தூங்கிவிட்டாள். தர மேம்பாட்டுக் கூட்டத்தில் என் சக ஊழியர்களும் ஐந்தாவது பத்தியில்தான் தூங்குவார்கள்.

அவள் கன்னம் என் நெஞ்சில் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை என் கழுத்தைப் பிடித்திருந்தது. ஏழு வாரத்தில் என்னிடம் அவள் தூங்கியது அதுதான் முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. மெல்லத் தட்டில் கிடத்தினேன். முள் ஆடி, தயங்கி, நின்றது. எண்பது கிராம்! ஒரு வேளைக்கு எண்பது கிராம் குடித்திருக்கிறாள்! யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

ஏழே முக்காலுக்கு மௌரீன் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கையெல்லாம் வெள்ளையாகப் பவுடர். பாப்பாவுக்குப் போட்ட பவுடராக இருக்கும் என்று நினைத்தேன். பாப்பா என்னிடம் இருந்தாள் என்பதை ஏனோ நான் அளக்கவில்லை.

"ரெமிஜியஸ் அண்ணன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் கவலைப்பட வேணாம், குழந்தையைப் பாருங்கன்னாரு."

என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே நாட்கள் போயின. ஆறு மணிக்குப் பால். ஆறே காலுக்குப் பாப்பா என் கையில். ஆறரைக்கு மௌரீன் வாக்கிங். எனக்கோ நோட்டில் வரி ஏறுகிற சந்தோஷம். எழுபது. தொண்ணூறு. எண்பது. ஒருநாள் நூற்றுப்பத்து! அன்றைக்குச் சந்திரம்மாவைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன்.

"பாத்தீங்களா? பால் பத்தலைன்னு சொன்னீங்களே!"

"நானா சொன்னேன்? நான் கேட்டேன். நீங்கதானே சொன்னீங்க!"

ஏழாம் நாளிலிருந்து பாப்பா ஆறு மணிக்கு அழுவதே குறைந்துவிட்டது. வெறும் முனகல். தண்டின் விட்டத்தைத் தாண்டி நான் போக வேண்டியிருக்கவில்லை. மௌரீனும் வந்து, உட்கார்ந்து, சுடச்சுடச் சாப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு வெளுத்திருந்தது. அவள் இரண்டாவது முறை ரசம் ஊற்றிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு என்னமோ பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

பத்தாம் நாள் சனிக்கிழமை. நோட்டையும் பாப்பாவையும் மௌரீனையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். பாப்பாவின் எடை நாலு கிலோ தொள்ளாயிரத்து முப்பது. சிஸ்டர் என் நோட்டைப் புரட்டிப் புரட்டிச் சிரித்தார்.

"ஆய்வாளர் கையொப்பம் வேறயா! அப்பாடி! குழந்தை ரொம்ப நல்லா ஏறுதுங்க. தாய்ப்பால் தாராளமா இருக்கு. டின்னு கின்னு ஒண்ணும் வேணாம்."

"ரொம்ப நிம்மதி சிஸ்டர். பத்து நாளா எனக்கு இதே கவலை."

"ஏன் கவலை? போன வாரம் திங்கட்கிழமை காலையிலேயே நிறுத்துப் பாத்து மௌரீன்கிட்ட இதைத்தானே சொன்னேன்? சாயங்காலம் அழறது இந்த வயசுல சகஜம், குடிச்சப்புறம் யாராச்சும் தூக்கி வச்சுக்கணும், அவ்வளவுதான்னு?"

திங்கட்கிழமை காலை. நான் தீர்மானம் செய்தது திங்கட்கிழமை மாலை.

வெளியே வந்ததும் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எதுக்கு என்னைப் பத்து நாள் அளக்க வச்ச?"

"எனக்குப் பால்ல சந்தேகமே இல்லீங்க. ஆள் மேலதான் சந்தேகம். இப்ப அதுவும் தீந்துடுச்சு" என்று பாப்பாவை என் தோளில் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்ற நிம்மதியில் கோபத்துக்கு இடமே இல்லை. தவிரவும் பத்து நாள் முடிந்துவிட்டது. நான் விடுதலை.

ஞாயிற்றுக்கிழமை மாலை விரலைச் சொடுக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். கூட்டம் வழிந்தது. சங்கச் செயலாளர் சின்னப்பா நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் ரெடி!" என்றேன் ரெமிஜியஸ் அண்ணனிடம்.

"எதுக்கு?"

"ஆட்டத்துக்குத்தான். நாம எத்தனாவது ரவுண்டுல இருக்கோம்?"

"ஃபைனல்ல இருக்கோம்."

"நாமளா?"

"நானும் மௌரீனும்" என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "தப்பா நெனைக்காத சிரில். நீ வரமாட்டேன்னு சொல்ல வந்துச்சு. சும்மா ஒரு காய் அடிச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டுச்சு. அடிச்சுச்சு பாரு... மொத்த போர்டும் காலி! உனக்குத் தெரியாதா? தங்கவயல்ல மூணு வருஷம் சாம்பியனாமே!"

அப்போதுதான் போர்டருகே மௌரீனைப் பார்த்தேன். அவள் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். பாப்பாவை எடுத்து என் நெஞ்சில் சாய்த்தாள்.

ஃபைனல் பார்த்தேன். அதாவது, பாதி பார்த்தேன். இரண்டாவது போர்டு முடிந்ததும் பாப்பா பசிக்கு அழுதாள். மௌரீன் எழுந்து உள்ளே பால் கொடுக்கப் போனாள். எதிர் ஜோடி ஆட்சேபித்தது. சின்னப்பா விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டினார். தாய்ப்பாலுக்கு எதிராக அதில் ஒரு விதியும் இல்லை. இருபது நிமிடம் இடைவேளை விட்டார்கள். பிறகு குழந்தை என் கைக்கு வந்தது. மௌரீன் போர்டுக்குப் போனாள். நான் ஷெட்டுக்கு வெளியே தெருவில் நடந்தபடி தண்டின் விட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே கைதட்டல் இடியாய் இடித்தது. பாப்பா கண்ணைத் திறக்கவில்லை.

கோப்பை இப்போது எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. 'ரெமிஜியஸ் - மௌரீன் சிரில்' என்று பொறித்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாகக் கேரம் ஆடுகிறேன். ஒரு கோப்பையில் என் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை.