அப்பா வாயால் ஒரு வார்த்தை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் அந்த வீடியோ ஸ்டுடியோவில் அன்றைக்கு நான்கு பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சக்கரம் வைத்த நாற்காலியில் ஸ்டுடியோக்கார இளவரசன். அவனுக்கு வலப்பக்கம், ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் களமருதூர் வெங்கடேசன். கதவோரம், சுருட்டி வைத்த பிளெக்ஸ் பேனர்களை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலில் வெங்கடேசனின் அம்மா அம்சவள்ளி, மடியில் பையோடு. நான்காவது ஆள் வெங்கடேசனின் அப்பா ராமசாமி. அவர் கம்ப்யூட்டருக்குள் இருந்தார்.

ராமசாமி போன வருஷம் ஆடி மாதம் மாரடைப்பில் இறந்துபோனவர். இப்போது வெள்ளை மேகங்களுக்கு நடுவில் நின்றார். முதுகுக்குப் பின்னால் அருவி ஒன்று கொட்டியது. முப்பத்திரண்டு பல்லும் தெரிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்சவள்ளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவரு யாரு?" என்று கேட்டாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. ராமசாமிக்கு முன்பல் இரண்டு கிடையாது. அதோடு, அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்ததும் கிடையாது. வீட்டில் இருந்த ஒரே நல்ல போட்டோ யாரோ ஒருவருடைய காதுகுத்தில் எடுத்தது. அதிலும் பந்தியில் உப்பு வைக்காத ஆளைத் தேடுகிறவர் மாதிரிதான் முறைத்துக்கொண்டிருந்தார். அதைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அவருக்குப் பல் கட்டி அனுப்பியிருந்தது.

இளவரசன் தன் தொழிலைப் பொறுமையாக விளக்கினான். இப்போதெல்லாம் எந்தக் கல்யாணமானாலும் ரிசப்ஷனில் இது இல்லாமல் இல்லை. இறந்துபோன அப்பாவோ தாத்தாவோ வானத்திலிருந்து இறங்கி வந்து, எல்இடி திரையில் மணமக்களை ஆசீர்வதிப்பார். ஏஐ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மேகத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அருவி மட்டும் நிஜம். கரியாலூர்ப் பக்கம் அவனே பைக்கில் போய் எடுத்தது. சொர்க்கம் கேட்கிற எல்லாருக்கும் அதைத்தான் போடுகிறான்.

"மேகம் வேணாம்பா. பின்னால மோட்டார் கொட்டாய் போடு," என்றான் வெங்கடேசன்.

"மோட்டார் கொட்டாயா? சொர்க்கத்துலயாண்ணா?"

"அவரு சொர்க்கத்துல இல்ல. உயிரோட இருக்கும்போதே பேசி வச்ச மாதிரி இருக்கணும்."

இதற்குக் காரணம் இருந்தது. ராமசாமி உயில் எழுதாமல் போய்விட்டார். கிணற்று மேட்டு நிலத்தில் தங்கை அபிநயாவுக்கும் சட்டப்படி பங்கு உண்டு. ஊர் வழக்கம் வேறு. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது, எனக்கு நிலத்தில் உரிமை வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பெண்ணும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டுவிடும். வெங்கடேசன் அந்தப் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு போய்த் தங்கையிடம் நீட்டியபோது, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நெலம் உனக்குத்தான்னு அப்பா வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா இப்பவே போட்டுடுவேன். சொன்னாரா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது கேள்வி. வெங்கடேசன் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஒரு செய்தி சொன்னான். அப்பாவின் பழைய போனை நோண்டும்போது, சாவதற்கு முந்தின வாரம் மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து அவர் பேசி வைத்த வீடியோ ஒன்று கிடைத்திருக்கிறது, அதை ரிசப்ஷனில் எல்லார் முன்னாலும் போடலாம் என்றான். அபிநயா அப்போதே பார்க்க வேண்டும் என்றாள். படம் மங்கலாக இருக்கிறது, ஸ்டுடியோவில் கொடுத்துத் தெளிவு பண்ண வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தான். உண்மையை அம்மாவிடம் மட்டும் சொன்னான். குரல் சரியாக இருக்கிறதா என்று சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை. அம்சவள்ளி ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டில் அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. மேகம் போய் மோட்டார் கொட்டாய் வந்தது. அடுத்தது குரல்.

ராமசாமியின் குரல் மகனுக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களில் மட்டும்தான் இருந்தது. மோட்டாரை நிறுத்தினாயா இல்லையா என்பது ஒன்று. மாட்டைக் கட்டாமல் எங்கேயடா ஊர் மேய்கிறாய் என்பது ஒன்று. மீதியை இங்கே எழுத முடியாது. இளவரசன் அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, வெங்கடேசன் எழுதிக் கொடுத்ததைப் பேச வைத்தான். "அபிநயா, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழு" என்று ராமசாமி சொன்ன தோரணையில், பக்கத்துப் புகைப்படக் கடைக்காரர் என்ன தகராறு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கோபத்தைக் குறைக்கச் சொன்னான் வெங்கடேசன். இளவரசன் குறைத்தான். ராமசாமி வானொலியில் வேளாண்மைச் செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "அன்பு மகளே" என்று ஆரம்பித்தார்.

அம்சவள்ளி ஸ்டூலில் இருந்தபடியே சொன்னாள். "திட்டற மாதிரியே இருக்கட்டும். அப்பதான் நம்புவாங்க."

அதுவே முடிவானது. நிலம் வெங்கடேசனுக்கு, நகை அபிநயாவுக்கு, இரண்டு பேரும் சண்டை போடக்கூடாது என்று ராமசாமி அதட்டலாகச் சொல்லி முடித்தார். வெங்கடேசனுக்கே ஒரு நிமிஷம் முதுகு விறைத்தது.

வேலை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

முதலில் வந்தவர் அம்சவள்ளியின் அண்ணன் அய்யனார். அவர் போனில் அந்த வாரம்தான், ஊரெல்லாம் சுற்றிய ஏஐ வீடியோ ஒன்றில், ஒரு எருமை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அவருக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். "மாப்ள, இது நெஜ வீடியோவா, இல்ல எருமமாட்டு வீடியோவா?" என்று நேராகவே கேட்டார். நிஜம்தான் மாமா என்றான். அப்படியானால் மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிச் சொல் என்றார். பின்வாங்கினால் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிடும். வெங்கடேசன் பத்துப் பேர் பார்க்கச் சூடத்தை அணைத்தான். அப்பா தன் வாயால் பேசியதுதான், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்றான். உள்ளங்கை சுட்டது. ஊதிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

ஊர் நம்பியது. அதுதான் அடுத்த தொந்தரவு.

மறுநாள் காலையிலேயே அய்யனார் மறுபடி வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. ஒரு கெடா வெட்டில் ராமசாமி தன்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. "அந்தப் போன்ல மச்சான் எனக்கு எதனா சொல்லிக்கிறாரா பாருடா. சொல்லலன்னாலும் பரவால்ல," என்றார். கண் வேறு கலங்கியிருந்தது. இல்லை என்று சொல்ல வெங்கடேசனுக்கு மனம் வரவில்லை. மாமா பகையாகிவிட்டால் கல்யாண வேலை நடக்காது என்பதும் ஒரு காரணம். இருக்கிறது மாமா, ரிசப்ஷனில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, இளவரசனுக்குப் போன் போட்டான்.

அய்யனார் அழுதுகொண்டே போனதை ஊர் பார்த்தது. மத்தியானம் பெரியப்பா வந்தார். வரப்புத் தகராறில் தன் பக்கம்தான் நியாயம் என்று தம்பி சாவதற்கு முன் உணர்ந்தாரா என்று அவருக்குத் தெரிய வேண்டும். சாயங்காலம் பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். அவருக்கு அதே வரப்பில் எதிர்ப்பக்க நியாயம் வேண்டும். பிறகு அத்தைகள் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது ராமசாமி எதிரே வந்தால் சந்து மாறிப் போனவர்கள் எல்லாம், அவர் கடைசியாகத் தங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா என்று கேட்டு வாசலில் நின்றார்கள். வெங்கடேசன் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒவ்வொருவர் போனதும் ஸ்டுடியோவுக்கு ஒரு போன்.

"அண்ணா, உங்க அப்பா உயிரோட இருந்தப்பகூட இவ்ளோ பேசியிருக்க மாட்டாரு," என்றான் இளவரசன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடியோ தயார் என்று லிங்க் வந்தது. வெங்கடேசனின் போனில் அதை இறக்க இடமில்லை. சமையல்காரர் ஒரு பக்கம், பந்தல்காரர் ஒரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீயே நேரா எல்இடிக்காரனிடம் கொடுத்துவிடு, நான் பார்க்கத் தேவையில்லை, எனக்கு மனப்பாடம் என்று சொல்லிவிட்டான்.

உளுந்தூர்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன். மேடையில் மாப்பிள்ளையும் அபிநயாவும். முன்வரிசை சோபாவில் சம்பந்தி. இரண்டாம் வரிசையில் அய்யனார், கர்ச்சீப்பைக் கையிலேயே வைத்திருந்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் பனை உயரத்துக்கு ராமசாமி வந்து மோட்டார் கொட்டாய் வாசலில் குந்தினார்.

அய்யனாரிடம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அய்யனார் கர்ச்சீப்பை விரித்தார். வரப்பு விஷயத்தில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார். இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அத்தைகளைப் பேர் சொல்லி விசாரித்தார். வெங்கடேசன் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான். அடுத்தது நிலம்.

"டேய் வெங்கடேசா," என்றார் ராமசாமி. "கெணத்து மேட்டு நெலம் உனுக்குப் பாதி, அபிநயாவுக்குப் பாதி. தங்கச்சிகிட்ட கையெழுத்துக் கேட்டுக்கினு எவனாவது பத்திரத்த நீட்டுனா, தோல உரிச்சுடுவேன். மோட்ர நிறுத்திட்டு வூட்டுக்குப் போ."

திரை இருண்டது. அய்யனார் எழுந்து நின்று, "எங்க மச்சான்தான். அச்சு அசல் அவருதான். நானே சூடம் ஏத்திப் பார்த்தேன்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வெங்கடேசனும் தட்டினான். வேறு என்ன செய்ய முடியும்? பொய் என்று சொன்னால் சூடம் என்ன ஆவது? நிஜம் என்று சொன்னால் நிலம் என்ன ஆவது? உள்ளங்கையில் சுட்ட இடம் தட்டத் தட்ட வலித்தது.

மேடைக்குப் போனான். அபிநயா மை கரைய அழுதுகொண்டிருந்தாள். அவனைக் கட்டிக்கொண்டு, அப்பா இத்தனை வருஷத்தில் தன்னை 'ஏ புள்ள' என்பதைத் தவிரப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்றாள். "இத மறைக்காம போட்ட பாரு. நீ நெனச்சிருந்தா அழிச்சிருக்கலாம். உன்னப் போய் தப்பா நெனச்சனேண்ணா," என்றாள். இந்த வீடியோவைச் சாகும்வரை வைத்திருப்பேன் என்றாள். நடிக்கிறாள் என்று வெங்கடேசன் முடிவு செய்தான். இளவரசனைக் கைக்குள் போட்டுக்கொண்டு இவள்தான் மாற்றியிருக்க வேண்டும். இளவரசனுக்குப் போட்ட போன் முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டபோது சுவிட்ச் ஆஃப்.

சம்பந்தி அரசாங்க வேலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டுக்குப் பிறகு வெங்கடேசனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் காலத்து மனுஷர் எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று மெச்சினார்.

"ஆனா தம்பி, வீடியோவெல்லாம் நாளைக்கே எருமமாடு பாடுச்சுன்னு ஆயிடும். அப்பா சொன்னத அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, ரசீதோட தபால்ல தங்கச்சிக்கு அனுப்பிடுங்க. அது ஜென்மத்துக்கும் நிக்கும்," என்றார்.

அய்யனார் பக்கத்திலேயே நின்று, அனுப்பாமல் இருப்பானா என்றார். அவரே தினமும் வந்து, எழுதினாயா என்று கேட்டார். மறுவீட்டு விருந்து முடிந்தது. எழுதினான். தந்தையார் தம் வாய்மொழியாக அறிவித்தபடி மேற்படி நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம் என்று எழுதினான்.

தபால் நிலையத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அம்சவள்ளி பக்கத்தில் நின்றாள். வெங்கடேசன் உறையின் வாயில் பசை தடவி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். தங்கச்சி ஆகாத வேலை பண்ணிவிட்டாள், இந்தப் பாவம் அவளைச் சும்மா விடாது என்று சொல்லிக்கொண்டே கவுண்டருக்குள் நீட்டினான். ஊழியர் எடை போட்டு, டப்பென்று முத்திரை குத்தி, கடிதத்தைப் பின்னால் இருந்த பைக்குள் எறிந்துவிட்டு ரசீதைக் கொடுத்தார்.

பை விழுங்கிய பிறகுதான் அம்சவள்ளி வாயைத் திறந்தாள்.

"அந்தப் புள்ளயத் திட்டாத. அதுக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணப் பூவுக்குச் சொல்லிட்டு வரேன்னு கெளம்பி நான்தான் ஸ்டுடியோவுக்குப் போனேன்."

வெங்கடேசன் ரசீதோடு அம்மா பக்கம் திரும்பினான். "இன்னாம்மா சொல்ற? அப்பா இருந்திருந்தா அப்படிச் சொல்லியிருப்பாரா?"

"எங்க சொல்லுவாரு? நீ எழுதிக் குடுத்தியே, அதத்தான் சொல்லியிருப்பாரு," என்றாள் அம்சவள்ளி. பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "காலம் பூரா அவரு சொன்னதத்தான் நான் சொல்லிக்கினு இருந்தேன். ஒரே ஒரு தபா, நான் சொன்னத அவரு சொல்லட்டுமே."